குளக்கட்டுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

அந்தப் பிள்ளைக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியது பொய். தெரியாமல் எழுதிய பொய்யும் இல்லை. என் அறையில், என் கதிரையில் இருந்து, இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக் கேட்ட பிறகு எழுதிய பொய்.

இதை உங்களுக்கு நேரிலும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அதனால் இப்போது எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன். நடந்தது தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து வருகிறேன். உங்களைத் தலைவர் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் கோயில் நிர்வாக சபைக்கு நீங்கள்தானே தலைவர்.

நான் அக்கராயனில் இருக்கிறேன். பாட்டுப் பதிவு செய்து, அதைச் சீராக்கி, இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளங்களுக்கு ஏற்ற அளவில் தயார் செய்து கொடுப்பது என் வேலை. வவுனியாவில் ஆறு மாதம் ஒரு வகுப்புக்குப் போனேன். மிச்சத்தைப் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினேன். இது ஒரு வேலை என்று ஊரில் கனபேருக்கு இன்னும் தெரியாது. "கொம்பியூட்டரில பாட்டுப் போடுற அக்கா" என்பார்கள். சொல்லட்டும்.

என் பதிவறை எங்கள் நெல் வைக்கிற அறைதான். காலபோகம் வெட்டி முடிந்து மூட்டைகளைச் சுவரோடு கூரை வரை அடுக்கினால், அந்த அறைக்குள் கை தட்டுகிற சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றுவிடும். குரல் எடுக்க அதைவிட நல்ல அறை எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நெல்லை விற்ற அடுத்த நாள் அது எதிரொலிக்கிற வெறும் தகரப் பேணி. ஆகவே நெல் நிற்கும் மாதங்களில்தான் குரல் எடுப்பேன். பதிவு முடியும்வரை மூட்டையில் கைவைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வருசமும் வீட்டில் சண்டை நடக்கும். "உன்ர பாட்டுக்கு நான் எலி வளர்க்கிறன்" என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் பிழையில்லை. எலி வளரத்தான் செய்கிறது.

இந்த வருசம் கோயில் பொங்கலுக்கு அம்மன் மேல் ஒரு புதுப்பாட்டு வேண்டும் என்று தலைவர் வந்தார். ஊர் ஆசிரியர் ஒருவர் எழுதி மெட்டும் போட்டிருந்தார். பாடுவதற்கு ஆளை நானே பிடித்தேன். தர்மபுரத்தில் ஒரு கோயில் பசனையில் அந்தப் பிள்ளை பாடிக் கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் தையல் தொழிற்சாலையில் வேலை. சங்கீதம் படித்தவள் இல்லை. தகப்பனும் தாயும் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறித் தோட்டம் செய்கிறவர்கள். தலைவர் அவளைப் பற்றி விசாரித்தார். எவடம் என்று கேட்டார், சொன்னேன். சாதி அறிய, ஆக்கள் ஆர் என்று கேட்டார், அதையும் சொன்னேன். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குரல் நல்லாயிருந்தால் சரி என்றார். அன்றைக்கு அது எனக்கு நல்ல மனிதனின் பேச்சாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்தோம். பாட்டின் தொடக்கம் நாலு வரி. வாத்தியம் எதுவும் இல்லை. தாயிடம் தன் குறையைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் போகும். பிறகு உடுக்கு வரும், அதன் பிறகு குரல் மேலே ஏறும். அவள் அந்த நாலு வரியையும் மூன்றாவது தடவையே சரியாகப் பாடினாள். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் ஒரு மூச்சு எடுத்தாள். மெல்லிய மூச்சு. அதை வெட்டவா விடவா என்று யோசித்துவிட்டு விட்டேன். அழாமல் கதைக்கப் பார்க்கிற ஆள் அந்த இடத்தில் மூச்சு எடுக்கத்தான் செய்வாள். அது கேட்கவும் வேண்டும், தள்ளியும் இருக்க வேண்டும்.

இனிச் சத்தத்தின் கதை. இது விளங்காவிட்டால் மிச்சம் எதுவும் விளங்காது.

ஈர நெல்லைக் கொண்டுபோனால் நெல் வாங்குகிறவர் என்ன செய்வார்? ஈரம் பார்க்கிற கருவியைப் போடுவார். ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். தண்ணீர் தெளித்து நிறை ஏற்றிக் கொண்டுபோனவனுக்கு நிறையும் மிஞ்சாது, நெல்லும் பழுதாகிவிடும். பாட்டுத் தளங்களும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு பாட்டையும் முழுதாக அளக்கும். தான் வைத்திருக்கும் அளவுக்கு மேலே சத்தம் ஏற்றியிருந்தால், ஏற்றிய அளவுக்குத் தானே குறைத்துவிடும். ஏற்றியதால் வந்த பழுது மட்டும் பாட்டில் அப்படியே கிடக்கும்.

நான் வேலை செய்கிற தளங்களுக்கு மைனஸ் பதினான்கு என்ற அளவில் கொடுப்பேன். பூச்சியம் என்பது கூரை. அதிலிருந்து பதினான்கு கீழே. அந்த இடைவெளி இருந்தால்தான் தணிந்த குரல் தணிந்தும், ஏறிய குரல் ஏறியும் நிற்கும். மைனஸ் ஏழுக்குத் தள்ளினால் எல்லாம் கூரையில் முட்டும். பிறகு பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்க வேண்டும். உடுக்கு தட்டையாகும். தணிந்த வரி கத்துவதுபோல் வரும். மூச்சும் எழும்பும். கதிரை அசைந்தால் அதுவும் எழும்பும்.

ஆனால் எங்கள் கோயிலுக்கு மைனஸ் ஏழுதான் வேண்டும். இதையும் ஒத்துக்கொள்கிறேன். பொங்கலுக்குத் தண்ணீர் எடுக்கக் குளத்துக்குப் போகிறவர்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு குளக்கட்டில் நிற்பார்கள். கோயில் லவுட்ஸ்பீக்கரில் முதற்பாட்டுக் கேட்டதும்தான் அங்கிருந்து நடக்கத் தொடங்குவார்கள். போன் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆகவே முதற்பாட்டின் முதல் வரி குளக்கட்டு வரை கேட்க வேண்டும். பாலைமரத்தில் கட்டுகிற, புனல் வாய் வைத்த லவுட்ஸ்பீக்கருக்குத் தணிந்த குரல் எல்லாம் தெரியாது. உள்ளே போவது பெரிதாக இருந்தால்தான் வெளியே தூரம் போகும்.

பொங்கலுக்கு முந்தின கிழமை சோதித்துப் பார்த்தோம். தலைவரின் மருமகன் மோட்டார் சைக்கிளில் குளக்கட்டுக்குப் போய் நின்று போன் எடுத்தார். முதலில் மைனஸ் பதினான்கில் செய்த பைலைப் போட்டேன். தலைவர் போனை எல்லாரும் கேட்க வைத்திருந்தார்.

"மாமா, பாட்டைப் போடுங்கோவன். எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"டேய், மூண்டு வரி முடிஞ்சுது."

பிறகு மைனஸ் ஏழைப் போட்டேன். மருமகன் உடனே சொன்னார்: "ஓம், இப்ப சரி. வாய்க்காலில நிண்ட மாடும் திரும்பிப் பாக்குது."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த இடத்துக்கு அந்தப் பைல்தான் சரி. கோயில் வெளியில், காற்றுக்குள், ஒரு மைல் தள்ளி நின்று கேட்கிறவனுக்கு மூச்சு கேட்காது.

அடுத்த நாள் பின்னேரம் தலைவர் பைலை எடுக்க வீட்டுக்கு வந்தார். தளத்தில் போடுகிற கணக்குக் கோயிலின் பெயரில் இருந்ததால் தானே போடுவதாகச் சொன்னார். நான் அவரைக் கதிரையில் இருத்தி ஹெட்போனைக் கொடுத்தேன். இரண்டு பைலையும் சும்மா ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் சத்தமானதுதான் நல்லது என்று எவரும் சொல்வார்கள். காது அப்படித்தான் ஏமாறும். ஆகவே தளம் எப்படிக் குறைக்குமோ அப்படி மைனஸ் ஏழைக் குறைத்து, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, அந்தச் சத்தமானதில அவள் மூச்சு எடுக்கிறது காதுக்குள்ள வந்து ஊதுற மாதிரிக் கிடக்கு. மற்றதில அது இல்லை."

"அதாலதான் அண்ணை, அதை வெளியில அனுப்பக் கூடாது."

"விளங்குது, விளங்குது."

இந்த வார்த்தைகளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த என் கணவரும் கேட்டார். இரண்டு பைலையும் ஒரே பென்டிரைவில் போட்டு, ஒன்றுக்குக் கோயில் என்றும் மற்றதுக்குத் தளம் என்றும் பெயர் வைத்துக் கொடுத்தேன். கடதாசியிலும் எழுதிக் கொடுத்தேன். நான் விட்ட பிழை ஒன்று உண்டு. கூட இருந்து நானே போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

பொங்கல் நன்றாக முடிந்தது. பாட்டுக் குளக்கட்டு வரை கேட்டது, குடங்கள் நேரத்துக்கு வந்தன. இரண்டு கிழமை கழித்து நெடுங்கேணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து பாட்டைத் தளத்தில் தேடிப் போட்டேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்த மூச்சு என் காதுக்குள் வந்து ஊதியது. அடுத்ததாக ஓடிய வேறு யாருடைய பாட்டோ எங்கள் பாட்டைவிட எடுப்பாகக் கேட்டது. சத்தம் ஏற்றி அமுக்கிய பாட்டைத் தளம் குறைத்த பிறகு அதுதான் அங்கே சின்னதாகக் கேட்கும். வீட்டுக்கு வந்து போனிலிருந்து கணினிக்கு எடுத்துப் பார்த்தேன். திரையில் அந்தப் பாட்டின் சத்த அலை மேலும் கீழும் நேராகக் கத்தரித்த பூவரசம் வேலி மாதிரி நின்றது.

தலைவருக்குப் போன் எடுத்தேன். சபையில் இன்னும் நாலு பேர் கேட்டார்களாம், சத்தமானதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார்களாம். எப்படிக் கேட்டார்கள் என்று கேட்டேன். போனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினாராம். எது கூடாது என்று நான் இருத்திவைத்துக் காட்டினேனோ அதையே செய்திருக்கிறார். மாற்றச் சொன்னேன். "பாப்பம்" என்றார்.

அந்தப் பாப்பத்தில் மூன்று கிழமை போனது. அதற்குள் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறது. கோயிலின் முகநூல் பக்கத்தில் எழுதினார்கள். பாடினவா பஸ்ஸுக்கு ஓடிவந்த களைப்போடு பாடினவாவோ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நிறையச் சிரிப்புப் படங்கள். இன்னொருவர் தவில்காரரைவிட மூச்சுக்காரி நன்றாக வாசிக்கிறாள் என்று எழுதினார். அந்தப் பாட்டில் தவிலே இல்லை.

பிறகு தலைவர் அதே பக்கத்தில் சபையின் பெயரில் ஒரு பதிவு போட்டார். பாடகிக்கு மூச்சுப் பயிற்சி போதாது என்பதைச் சபை ஏற்றுக்கொள்வதாகவும், இரண்டாம் பாகமாக அடுத்து வெளியிட இருக்கும் பாட்டுகளை முறையாகச் சங்கீதம் கற்ற ஒருவர் பாடுவார் என்றும் அதில் இருந்தது. இரண்டாம் பாகத்தில் மூன்று பாட்டு அவளுக்கென்று இதே தலைவர்தான் சொல்லியிருந்தார். அவள் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் அவற்றைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிவு தர்மபுரத்துக்கும் போனது, தொழிற்சாலைக்கும் போனது. பாடக் கூப்பிட்டிருந்த இரண்டு கோயில்கள் பிறகு பார்ப்போம் என்றன. தையல் மெசின் வரிசையில் அவளுக்கு 'பம்ப்' என்று பெயர் வைத்தார்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற பம்ப்.

ஒரு ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி அவள் என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல், நெல் அறைக்குள் போய் நின்றுகொண்டு சொன்னாள்:

"அக்கா, எனக்கு இப்ப மூச்சு விடாமலே நாலு வரியும் பாட ஏலும். கேளுங்கோ."

பாடினாள். இரண்டாம் வரி வரை குரல் இருந்தது. மூன்றாம் வரியில் கழுத்து நரம்பு எழும்பியது. நாலாம் வரியின் கடைசிச் சொல் வெளியே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பாடி முடித்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு மாதமாக இரவு பகலாக இதைத்தான் பழகியிருக்கிறாள். இல்லாத குறையைத் திருத்துவதற்காக, இருந்த பாட்டைக் கெடுத்துவைத்திருந்தாள்.

நான் அவளை ஏசினேன். உனக்கு மூளை இருக்கா என்று கேட்டேன். பிறகு இருத்தி, ஹெட்போனைப் போட்டு, தலைவருக்குக் காட்டியதுபோல இரண்டு பைலையும் ஒரே சத்தத்தில் போட்டேன். இரண்டு தடவை கேட்டாள்.

"ரெண்டும் நான் பாடினதுதானே?"

"ஓம். ஒரே பாட்டு. நீ ஒருக்காத்தான் பாடினனீ."

"தலைவருக்கு இது தெரியுமோ?"

"தெரியும். இந்தக் கதிரையில இருந்துதான் கேட்டவர்."

கொஞ்ச நேரம் ஹெட்போன் வயரைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஏனக்கா எனக்கு முதலே சொல்லேல்லை?"

பாப்பம் என்றவரை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வைத்துக் கேட்ட அன்றைக்கே நான் எழுதியிருந்தால், அந்த ஒரு மாதம் அவள் மூச்சை அடக்கிப் பழகியிருக்கமாட்டாள். தலைவரிடம் கேட்கிற கணக்கில் என்னுடைய பங்கு இது. மறைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடியும்வரை கோயில் வாசலில் நின்று தலைவரைப் பிடித்தேன். அவர் சத்தம் போடவில்லை. மண்டபத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்த் தணிந்த குரலில்தான் கதைத்தார். பைலை மாற்றுகிறேன், அதோடு கதையை விடும் என்றார். பைல் மாறினால் போதாது, பதிவையும் மாற்ற வேண்டும், பிழை யாருடையது என்று எழுத வேண்டும் என்றேன்.

"பிழையான பைலை நான்தான் அனுப்பினனான் எண்டு எழுதினா, நாளைக்குச் சபையை ஆர் மதிப்பினம்? அவள் தர்மபுரத்துப் பிள்ளை. நாலு நாளில மறந்திடுவாள்."

"உங்கட மகளெண்டா மறந்திடுவாவோ அண்ணை?"

அப்போதுதான் அவர் சிரித்தார். கோபம் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

சொன்னபடி பைலை மாற்றினார். ஒருவருக்கும் சொல்லாமல் மாற்றினார். இப்போது தளத்தில் இருப்பது மைனஸ் பதினான்கு. அவள் பாடியது பாடியபடி இருக்கிறது. மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனால் முகநூல் பதிவு அப்படியே கிடக்கிறது. போன கிழமை அதற்குக் கீழே லண்டனில் இருந்து ஒருவர் எழுதினார்: இப்போது கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது, புதிதாகப் பாடியவருக்கு வாழ்த்துகள், இவரையே இரண்டாம் பாகத்துக்கும் போடுங்கள் என்று. கோயில் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு இதயப் படம் போட்டிருந்தார்கள்.

புதிதாகப் பாடியவர் என்று ஒருவர் இல்லை. அது அவள்தான். ஒரு குரலை முதலில் பழுதாக்கினார்கள், பழுதுக்கு அவளைக் குற்றம் சொன்னார்கள், பழுது போனதும் அந்தக் குரலை அவளிடமிருந்து எடுத்து இல்லாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த இதயப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

இனித் தலைவரே, உங்களிடம் வருகிறேன். இரண்டு பைலும் என்னிடம் இருக்கின்றன. தளத்திலிருந்து அன்றைக்கு எடுத்து வைத்ததும் இருக்கிறது. நெல் மூட்டை இன்னும் சுவரோடுதான் நிற்கிறது, இந்தக் கதை முடியும்வரை விற்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் வந்து கதிரையில் இருந்து கேட்கலாம்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போனில் வேண்டாம், மண்டபத்துக்குப் பின்னாலும் வேண்டாம். அதே பக்கத்தில், அதே பதிவுக்குக் கீழே, சபையின் பெயரில் இல்லாமல் உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். முதலில் எந்தப் பைலை அனுப்பினீர்கள்? அதில் மூச்சு ஏன் அப்படிக் கேட்கும் என்று உங்களுக்கு முதலே தெரியுமா, தெரியாதா? இப்போது தளத்தில் பாடுகிறவள் யார்? இரண்டாம் பாகத்தின் மூன்று பாட்டையும் அவளிடமிருந்து எதற்காக எடுத்தீர்கள்?

எழுதியதை வருகிற வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு லவுட்ஸ்பீக்கரிலும் வாசியுங்கள். அன்றைக்கு நான் குளக்கட்டில் நிற்பேன். கேட்குதோ இல்லையோ என்று அங்கிருந்து போன் எடுத்துச் சொல்கிறேன்.